அயலூர்ப் புகையும் நம் வயலும்

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. நீருக்கு மடையும் மதகும் உண்டு. காற்றுக்கு இவ்விரண்டும் இல்லை. ஓர் ஊரில் எழுந்த புகை மற்றோர் ஊரின் பயிரைக் கெடுத்தால் யாரிடம் முறையிடுவது, அதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பது பல நாடுகள் நெடுநாளாக விடை தேடிவந்த வினாவாகும். இக்கட்டுரையில் ஓசோன் என்னும் வாயுவை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பயணம் செய்கிறது, அப்பயணத்தை விஞ்ஞானிகள் எங்ஙனம் கணக்கிடுகின்றனர் என்பவற்றைக் காண்போம். பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு வரவு செலவுக் கணக்கு புதிதன்று. ஆதலின் இக்கணக்கும் அவர்களுக்கு எளிதில் விளங்கும் என்று நம்புகிறோம்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் ஒவ்வொரு துகளிலும் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கின்றன. அவ்வணுக்கள் மூன்று மூன்றாக இணைந்தால் அதுவே ஓசோன். வானில் மிக உயரத்தில், ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையில், இது ஒரு திரைபோல் நின்று கதிரவனின் தீய கதிர்களைத் தடுக்கிறது. பள்ளிக்கூடச் சுவர்களில் 'ஓசோனைக் காப்போம்' என்று எழுதியிருப்பது அந்த ஓசோனைப் பற்றியது. தரையை ஒட்டி நம் மூக்கருகிலும் இலையருகிலும் இருக்கும் ஓசோனோ நுரையீரலையும் பயிரையும் அரிக்கும் நஞ்சு. பொருள் ஒன்றேயாயினும் இருக்குமிடம் வேறு, விளைவும் வேறு. நாம் இங்குப் பேசப்போவது தரையோர ஓசோனைப் பற்றியேயாம்.

இந்த ஓசோனை எந்தப் புகைபோக்கியும் வெளிவிடுவதில்லை என்பதே முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. இது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. அச்சமையலுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று, நைட்ரஜன் ஆக்சைடுகள். மோட்டார் எஞ்சினிலும், அனல் மின் நிலையத்திலும், கடும் வெப்பத்தில் எரியும் எவ்வடுப்பிலும் இவை உண்டாகும். இரண்டு, எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள். பெட்ரோல் ஆவி, வண்ணப்பூச்சின் வாசனை, குப்பையும் சருகும் எரியும் புகை முதலியவை இவ்வகையின. மரங்களும் இவ்வகை ஆவிகளை வெளிவிடுகின்றன. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். மூன்றாவது, வெயில்.

வெயில் பட்டதும் நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து ஓர் அணு பிராணவாயு பிரிகிறது. அது பக்கத்திலுள்ள சாதாரணப் பிராணவாயுவோடு சேர்ந்து ஓசோனாகிறது. பிரிந்தபின் மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு சும்மா இருப்பதில்லை. ஓசோனைப் பிடித்து அழித்துத் தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவ்வளவோடு நின்றால் ஆக்கமும் அழிவும் சமமாகிவிடும். ஆனால் கரிம ஆவிகள் குறுக்கே புகுந்து, ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை மீண்டும் டை ஆக்சைடாக்கி விடுகின்றன. அதனால் ஆக்கம் தொடர்கிறது, அழிவு குறைகிறது, ஓசோன் குவிகிறது.

இதனை உலகம் அறிந்துகொண்டதில் கீரைத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் பகைவரின் நச்சுவாயுவோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றன்மேல் பழி விழுந்தது. அவ்வாலையை நிறுத்தி வைத்தும் மூட்டம் ஓயவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து சுற்றுப்புறத் தோட்டங்களில் கீரைகளும் பிற இலைக்காய்கறிகளும் இதுவரை காணாத வகையில் நிறம் மாறிக் கெட்டன. பூச்சியுமில்லை, பூஞ்சையுமில்லை. கலிபோர்னியாவின் வேளாண்மை ஆராய்ச்சியாளர்கள் இது காற்றினால் வந்த கேடு என்று கண்டனர்.

அந்நாளில் ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன அறிஞர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் மணத்தைப் பிரித்தறிந்த அதே முறையில் நகரக் காற்றையும் அவர் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கலந்து வெயிலில் வைத்தால் ஓசோன் பிறப்பதையும், வயலில் கண்ட அதே கேடு செடிகளில் தோன்றுவதையும் சோதனையில் காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டுகள் எவ்வளவு விரைவில் வெடிக்கின்றன என்பதைக்கொண்டு ஓசோனை அளந்தார். 1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாயிற்று. கண் எரிந்த நகரத்தாரைவிட, இலையைக் கூர்ந்து நோக்கிய தோட்டக்காரரே சிறந்த சாட்சியாக அமைந்தனர் என்று சொன்னால் மிகையாகாது. பின்னர்த் திராட்சை இலையின் புள்ளிகளுக்கும் புகையிலையின் திட்டுக்களுக்கும் ஓசோனே காரணம் என்று 1958, 1959 ஆண்டுகளில் தெளிவாயிற்று. புகையிலைத் திட்டுக்கள் வானிலைக் கோளாற்றால் வருவன என்றுதான் அதுவரை விவசாயிகள் எண்ணியிருந்தனர்.

இனி ஒரு வியப்பைக் கூறுவோம். மோட்டார் வண்டிகள் நெரியும் நகரத் தெருவில் ஓசோன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அங்கே புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உடனுக்குடன் தின்றுவிடுகிறது. நகரக் காற்று வெளியே நகர்ந்து, பல மணி நேரம் வெயிலில் காய்ந்து, நைட்ரிக் ஆக்சைடு தீர்ந்த பிறகே ஓசோன் உச்சத்தை அடைகிறது. அப்போது அக்காற்று எங்கோ ஒரு சிற்றூரின் வயல்மேல் நிற்கும். இரவிலும் இப்பயணம் நிற்பதில்லை. மாலையில் தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று அடங்கிவிடுகிறது. மேலே சில நூறு மீட்டர் உயரத்திலுள்ள காற்றோ பகலில் சேர்த்த ஓசோனைச் சுமந்துகொண்டு இரவெல்லாம் விரைகிறது. மறுநாள் காலை வெயிலேறித் தரைக்காற்று கலங்கியதும் அச்சுமை கீழே இறங்குகிறது. நேற்று முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சமைத்தது இன்று நம் வயலில் பரிமாறப்படுகிறது எனலாம்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலக் கடற்கரையில் அகாடியா என்னும் தேசியப் பூங்கா உள்ளது. அருகில் பெருந்தொழிற்சாலைகள் இல்லை. ஆயினும் அங்கே கோடைக்காலத்தில் ஓசோன் வரம்பை மீறியதுண்டு. மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள ஷெபாய்கன் என்னும் சிறு மாவட்டத்தின் நிலையும் இதுவே. தெற்கிலுள்ள சிகாகோ முதலிய நகரங்களின் புகை ஏரியின் மேல் மிதந்து சமைந்து, பிற்பகல் ஏரிக்காற்றோடு அங்கே கரையேறுகிறது. அம்மாவட்டத்தார் தம் வண்டிகளையெல்லாம் நிறுத்தினாலும் பயன் சிறிதேயாம். தன் கையில் இல்லாத குற்றத்துக்குத் தான் விடை சொல்ல வேண்டிய நிலை அது. கடைமடை விவசாயிகள் இதனை நன்கு உணர்வார்கள்.

அப்படியானால் வந்த ஓசோனில் எவ்வளவு எந்த ஊருடையது? காற்றைப் பிடித்து முகர்ந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. எல்லா ஊர் ஓசோனும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்காகவே கணித மாதிரி என்னும் முறை தோன்றியது.

இம்முறையில் ஒரு நாட்டின்மேலுள்ள காற்று முழுவதையும் பாத்தி பாத்தியாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு பாத்தியும் சில கிலோமீட்டர் நீள அகலம் உடையது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கணக்கேடு. ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்னும் நான்கும் நம் பஞ்சாயத்துக் கணக்கில் உள்ளவையே. பக்கத்துப் பாத்தியிலிருந்து காற்று கொண்டுவந்தது வரவு. கீழே வண்டிகளும் ஆலைகளும் மரங்களும் விடுவது வரவு. ரசாயன மாற்றத்தால் புதிதாகப் பிறப்பதும் வரவு. காற்று அடுத்த பாத்திக்கு எடுத்துச் செல்வது செலவு. ரசாயன மாற்றத்தால் அழிவது செலவு. தரையிலும் இலைகளிலும் படிந்து தீர்வதும் ஒரு செலவு. இக்கணக்கைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, ஒவ்வொரு பாத்திக்கும், பல நாட்களுக்குத் தொடர்ந்து போட வேண்டும். மனிதக் கையால் ஆகாத இவ்வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இலைகளில் படிவது என்றோமே, அந்த இனத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பயிர் கரியமில வாயுவை உட்கொள்வதற்காக இலையின் நுண்துளைகளைத் திறக்கிறது. அவ்வழியே ஓசோனும் புகுந்து உள்ளிருக்கும் திசுக்களை அரிக்கிறது. இலை முன்னதாகவே முதிர்கிறது, மணி சிறுக்கிறது. கணக்கேட்டில் காற்றின் செலவாக எழுதப்படுவது உண்மையில் நம் பயிரின் செலவேயாகும். நீர் வாடிய செடி துளைகளை மூடிக்கொள்வதால் ஓரளவு தப்புகிறது. வேளைக்கு நீர் பாய்ச்சிச் செழிப்பாக வளர்த்த பயிரே மிகுதியாக ஓசோனை உட்கொள்கிறது என்பது வேதனைக்குரியது.

ஒரு மாநிலத்தின் பங்கை அறிய இம்மாதிரியை இரு முறை ஓட்டுவார்கள். முதன்முறை உள்ளபடி. இரண்டாம் முறை அந்த மாநிலத்தின் புகையை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு அம்மாநிலத்தின் பங்கு. ஒரு மடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் நீர் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும். ஓரூரின் புகைக்கு ஏட்டில் தனி அடையாளமிட்டு, நீரில் சாயம் கலந்து வழி பார்ப்பதுபோல் தொடர்ந்து செல்லும் முறையும் உண்டு.

மாதிரியை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். கடந்துபோன சில நாட்களை மாதிரியில் மீண்டும் ஓட்டி, அந்நாட்களில் உண்மையாக அளந்த ஓசோனோடு ஒப்பிடுவார்கள். ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் இனம் தவறு. பெரும்பாலும் தவறு ரசாயனத்தில் இருப்பதில்லை. வரவுப் பதிவேட்டில்தான் இருக்கும். 1987ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலுள்ள வான் நைஸ் என்னுமிடத்துச் சுரங்கச் சாலையில் வண்டிப் புகையை நேராக அளந்தனர். ஏட்டில் எழுதியிருந்ததைப்போலப் பல மடங்கு கரிம ஆவி வெளிவருவது தெரிந்தது.

அட்லாண்டா நகரத்தின் கதை இதைவிடப் பெரிய படிப்பினை. கரிம ஆவிகளைக் குறைத்தால் ஓசோன் குறையும் என்று கொண்டு அமெரிக்க நகரங்கள் அவற்றையே முதன்மையாகக் கட்டுப்படுத்தி வந்தன. பல நகரங்களில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அட்லாண்டாவைச் சூழ்ந்த காடுகளின் மரங்கள் வெயிலில் விடும் ஆவிகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. மனிதர் விடுவதைக் குறைத்தாலும் மரங்கள் விடுவதே சமையலுக்குப் போதுமானதாயிருந்தது. அத்தகைய இடத்தில் குறைக்க வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடை. அதற்காக மரங்களைக் குற்றம் சொல்லுதல் தகாது. மரம் மட்டும் இருந்து நைட்ரஜன் ஆக்சைடு இல்லையேல் ஓசோன் இவ்வாறு குவியாது. ஓர் இனத்தை ஏட்டில் விட்டுவிட்டதால் பொருளும் ஆண்டுகளும் வீணாயின. 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை இப்பிழைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு மிதமிஞ்சியுள்ள நகர நடுவில் அதைச் சிறிது குறைத்தால், ஓசோனைத் தின்ன ஆளில்லாமல் ஓசோன் ஏறவும் கூடும். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது வண்டிகள் நின்றதும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் பல நகரங்களில் இவ்வாறே நேர்ந்தது. ஆகவே 'புகையைக் குறை' என்று பொதுவாகச் சொல்வது போதாது. எந்தப் புகையை, எங்கே, எவ்வளவு என்று கணக்கிட்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கு முடிந்ததும் வழக்கு தொடங்கியது. ஒஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலக்கரி மின் நிலையங்கள் பல உண்டு. தம் ஊரில் புகை விழாமலிருக்க அவை உயரமான புகைபோக்கிகளைக் கட்டின. அவையே அயல் மாநிலங்களுக்குப் புகையை அனுப்பும் சாதனங்களாயின. 1995 முதல் 1997 வரை 37 கிழக்கு மாநிலங்களின் பிரதிநிதிகள் ஒருங்கே அமர்ந்து, 1988, 1991, 1993, 1995 ஆகிய கோடைகளின் மோசமான நாட்களை மாதிரியில் ஓட்டிப் பார்த்தனர். முக்கியமான இடங்களில் 12 கிலோமீட்டர்ப் பாத்திகள். பிற இடங்களில் 36 கிலோமீட்டர். கரிம ஆவியைக் குறைப்பதன் பயன் உள்ளூரோடு நிற்கும் என்றும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் பரந்த வட்டாரம் முழுவதற்கும் பயனுண்டு என்றும் தெளிவாயிற்று. இதனடிப்படையில் 1998ஆம் ஆண்டில் 22 மாநிலங்களுக்கும் தலைநகர்ப் பகுதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்குமாறு மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் ஆணையிட்டது. சில மாநிலங்களும் ஆலைகளும் வழக்காடின; 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்வாணையைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. 2000க்கும் 2008க்கும் இடையில், கிழக்குப் பகுதி மின் நிலையங்கள் கோடை மாதங்களில் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு பாதிக்கும் கீழே இறங்கியது.

வழக்கு அத்தோடு தீரவில்லை. அனுப்பிய அளவுக்கே ஒவ்வொருவரும் குறைக்க வேண்டுமா, அல்லது யாரால் குறைந்த செலவில் குறைக்க முடியுமோ அவர் மிகுதியாகக் குறைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. முன்னரே பொருள் செலவிட்டுக் கருவி பொருத்தியவரையும் ஒன்றும் செய்யாதவரையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையா? செலவைக் கருதிப் பங்கிடுதல் செல்லும் என்று 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு திட்டத்துக்கோ 2024 ஜூனில் அதே மன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐரோப்பிய நாடுகள் 1979ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் உடன்படிக்கை செய்துகொண்டு, பொதுவான அளவை நிலையங்களும் பொதுவான மாதிரியும் வைத்துக்கொண்டன. நம் கருத்தில் இதுவே மேலான வழி. ஏடு இரு தரப்பாருக்கும் பொதுவாக இருந்தால் சண்டை பாதி குறையும்.

நம் நாட்டுக்கு வருவோம். பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அவர்தம் துணைவரும் இத்தகைய மாதிரி ஒன்றை இந்தியா முழுவதற்கும் ஓட்டி, 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 2005ஆம் ஆண்டில் ஓசோனால் நாம் இழந்த கோதுமை ஏறத்தாழ 35 லட்சம் டன். நெல்லரிசி ஏறத்தாழ 21 லட்சம் டன். ஏறக்குறைய 9 கோடியே 40 லட்சம் ஏழை மக்களுக்கு உணவாகக்கூடிய அளவு இது என்று அவர்கள் மதிப்பிட்டனர். இழப்பு மத்திய, வட இந்தியப் பகுதிகளில் மிகுதி. கோதுமை இயல்பிலேயே ஓசோனைத் தாங்காத பயிர். அது மணி பிடிக்கும் காலம் தெளிந்த வானமும் ஏறுவெயிலும் உள்ள காலம். மழைக்காலப் பயிருக்கு மேகமும் மழையும் ஓரளவு காவலாகின்றன. நெல் கோதுமையைவிடச் சற்றுத் தாங்கும். ஆனால் நிலக்கடலை, பருத்தி, சோயா, பீன்ஸ் ஆகியவை எளிதில் பாதிக்கப்படுபவை என்று அயல்நாட்டுச் சோதனைகள் காட்டுவதால், நாமும் கவலையற்றிருக்க முடியாது.

பயிருக்கு ஏற்படும் கேட்டை அளக்க ஒரு வழி உண்டு. நூறு கோடிப் பங்கு காற்றில் ஓசோன் 40 பங்கைத் தாண்டும் பகல் மணி நேரங்களை எடுத்து, ஒவ்வொரு மணியிலும் தாண்டிய அளவை வளர்பருவம் முழுவதும் கூட்டுவார்கள். கோதுமைக்கு மூன்று மாதத்தில் இக்கூட்டுத்தொகை 3,000 ஆனால் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து குறையும் என்பது ஐரோப்பியக் கணக்கு. மூட்டைக் கணக்கில் நூற்றுக்கு ஐந்து கண்ணுக்குத் தெரியாது. விதை சரியில்லை, பருவம் சரியில்லை என்று நாம் ஏதேனும் காரணம் சொல்லி அமைவோம். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் வகுத்த தரத்தின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் ஓசோன் எட்டு மணி நேரச் சராசரியில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆயினும் இதனை இடைவிடாது அளக்கும் நிலையங்களுள் பெரும்பாலானவை நகரங்களிலேயே இருக்கின்றன. உச்சம் ஏறுவதோ ஊர்ப்புறத்தில். ஊர்ப்புற அளவுகள் இல்லாமையால் மாதிரியைச் சரிபார்க்கவும் போதிய சான்று கிட்டுவதில்லை. நம் ஊர்களில் எரியும் குப்பை, தாள், செங்கற்சூளை ஆகியவற்றின் அளவும் வரவுப் பதிவேட்டில் மிகவும் தோராயமாகவே எழுதப்படுகிறது. பஞ்சாயத்துகள் இவற்றை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வைப்பின், அப்பதிவேட்டின் ஒரு மூலையேனும் சீராகும்.

கருவி இல்லாவிட்டாலும் இலை உண்டு. ஓசோன் கேடு பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையிடையே, ஊசி முனைபோன்ற வெளிறிய அல்லது பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும்; நரம்புகள் பச்சையாகவே இருக்கும். முதிர்ந்த இலைகளில் முதலில் காணும், கொழுந்தில் இராது. இலையின் அடியில் சிலந்திப் பேனோ நூலாம்படையோ இருந்தால் அது பேனின் வேலை. காய்ச்சல் ஓரத்திலிருந்து உள்நோக்கி வந்தால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். புள்ளி நாளுக்கு நாள் விரிந்து வட்டமாகிப் பூசணம் பூத்தால் அது நோய். இவை எதுவுமின்றி, தெளிந்த வெயில் நாட்கள் சில தொடர்ந்தபின், ஒரே பயிர் வைத்த பல வயல்களில் ஒருசேரப் புள்ளிகள் தோன்றினால், அவ்விலைகளை வேளாண் விரிவாக்க அலுவலரிடம் காட்டுதல் நலம். காட்டும்போது புள்ளி கண்ட தேதியையும், அதற்கு முந்திய மூன்று நான்கு நாட்களில் காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.